கதவடித் தபால்

சிவந்தி தன் வீட்டு வாசலில், சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் முட்டி போட்டுக் குனிந்திருந்தாள். எதிர்வீட்டு ரெஜினா கதவிடுக்கு வழியே ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துவிட்டாள். புருஷன் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார் என்று நினைத்ததும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. திருவொற்றியூரின் அந்தக் குடியிருப்பில் அன்று காலை வேறு விசேஷம் எதுவும் இல்லை.

பார்த்தால், சிவந்தி முந்தானைக்குள்ளிருந்து ஒரு தபால் கவரை எடுத்துக் கதவடியில் உள்ளே தள்ளினாள். பூனை மாதிரி ஒரு மாடி இறங்கினாள். பிறகு செருப்புச் சத்தம் அதிர ஏறி வந்து, "இன்னாங்க, போஸ்ட்டு எதுனா வந்துச்சா?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தியபடி கதவைத் தட்டினாள்.

அன்றைக்கு ரெஜினா வீட்டில் சோறு குழைந்தது. சிவந்தி குப்பை கொட்ட வந்தபோது படிக்கட்டிலேயே மடக்கினாள்.

"யக்கா, நீ எப்போ போஸ்ட்மேன் வேலைக்குச் சேந்தே?"

சிவந்தி குப்பைக் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

சிவந்தியின் கணவர் செங்குட்டுவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் கப்பல்காரர்களிடம் சென்ட்டும் சிகரெட்டும் கேட்டு வாங்கிய காலத்தில் ஸ்டாம்பு கேட்டு வாங்கிய ஒரே ஆள். மகன் ஜெயவேலுவைக் கப்பல் வேலைக்கு அனுப்பியது சம்பளத்துக்கா, ஸ்டாம்புக்கா என்று குடியிருப்பில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. தலைமை, ரெஜினா.

பையனும் போன துறைமுகத்திலிருந்தெல்லாம், அந்தந்த நாட்டு ஸ்டாம்பை ஒட்டி அப்பாவுக்கு ஒரு கவர் போட்டுவந்தான். போன வருஷம் லீவில் வந்தவன், இனிக் கப்பலே வேண்டாம் என்றான். அப்பா விடவில்லை. "போறேன். ஆனா இனிமே உனுக்கு ஒரு ஸ்டாம்பும் கெடையாது" என்று அவன் கத்திவிட்டுப் போனது ரெஜினா வீட்டுக் குக்கர் விசிலையும் தாண்டிக் கேட்டது.

"சொன்ன மாதிரியே ஒண்ணுகூட அனுப்பல, ரெஜினா" என்றாள் சிவந்தி. "போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப்புன்னு வருது."

"கப்பல் கம்பெனியில கேக்கறதுதானே?"

"அவரே கேட்டுச் சொன்னாரு. நல்லாதான் கீறானாம், பேசத்தான் புடிக்கலியாம். இவருக்கும் புள்ள ஏக்கம். பம்பாய்ல ஸ்டாம்பு கண்காட்சின்னு போனாரு, ஒரு ஸ்டாம்புகூட வாங்காம வெறுங்கையோட வந்தாரு. அன்னிலேர்ந்து சோறு எறங்கல. அதான் பாரிமுனையாண்ட பழைய ஸ்டாம்பு வாங்கியாந்து, நானே கவர்ல ஒட்டி... கவரு வந்த அன்னிக்குத்தான் ரெண்டு வாய் துன்றாரு."

"உள்ள லெட்டரு?"

"வெறுங்கவருதான். கோவமா கீறவன் லெட்டரா எழுதுவான்?"

"கில்லாடிக்கா நீ!"

"வெளிய வுட்டுடாதேடி. பொய்னு தெரிஞ்சா அந்த உசுரு நிக்காது."

"என் வாயிலயா வரும்?" என்றாள் ரெஜினா. 'நானா ஒழுகுவேன்?' என்று சல்லடை கேட்கிற மாதிரி.

ஆனாலும் வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது. இளைத்துக்கொண்டே போகிற ஒரு மனுஷனை இப்படி ஏமாற்றலாமா என்று அவளுக்கு நிஜமாகவே மனசு உறுத்தியது. ரெஜினாவின் நாக்கு ஊறும்போதெல்லாம் துணைக்கு ஒரு நியாயமும் வந்துவிடும்.

மறுநாள் சிவந்தி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, கிண்ணத்தில் நெத்திலிக் குழம்போடு ரெஜினா உள்ளே நுழைந்தாள். செங்குட்டுவன் அந்தக் கவரைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"புள்ள அனுப்சதாண்ணா? எந்த ஊரு?"

"பிரேசில்."

"சீலு ஸ்டாம்பு மேல மட்டும்தான் கீது. கவர் மேல ஒரு பொட்டு மையக் காணோமே?" சொல்லிவிட்டு, அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கக் காத்திருந்தாள்.

மாறவில்லை. "போன தபா வந்ததும் அப்படித்தாம்மா. மொத மொதல்ல வந்ததுல ஓரத்துல சோத்துப் பருக்கையே ஒட்டிகினு இருந்துச்சு."

கொண்டுவந்த குழம்பை எங்கே வைப்பது என்று ரெஜினாவுக்குத் தெரியவில்லை. "அப்போ தெரிஞ்சிகினேதான் சும்மா கீறியாண்ணா? அந்தக்கா வெயில்ல பாரிமுனைக்கும் வூட்டுக்குமா அலைஞ்சிகினு கீது! தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா கொறைஞ்சா பூடுவே?"

"சொன்னா நிறுத்திடுவா."

"நிறுத்தட்டுமே! நாளிக்கே ஜெயவேலு லீவுல வந்து நின்னு, நான் எங்க கவரு போட்டேன்னு கேட்டா, அந்தக்கா மூஞ்சிய எங்க வச்சிக்கும்?"

செங்குட்டுவன் எழுந்துபோய் மாடிப்படியை எட்டிப் பார்த்தார். யாரும் ஏறி வரவில்லை. திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் கடலோட போய்ட்டாம்மா. பம்பாய்ல கப்பல் கம்பெனிக்குத்தான் போனேன், அங்கதான் சொன்னாங்க. அவளுக்கு இன்னும் தெரியாது."