எட்டு ஜிபி போதும்

“மகனுக்கா அக்கா?” புஞ்சாக் ஆலாம் கணினிக் கடையில் திவாகரன் கேட்டான்.

“ஃபோர்கே திரையில கேம் ஆடணும். பதினாறு ஜிபி கிராபிக்ஸ் கார்டு குடுங்க தம்பி,” என்றார் தனேஸ்வரி.

மூன்று மாதமாகத் தேங்கிக் கிடக்கும் எட்டு ஜிபி கார்டை இன்றாவது தள்ளிவிட நினைத்து மேசைமேல் வைத்தான் திவாகரன்.

“இதுவே போதும்லா. நான் ஆன்லைன்ல ஆடுற கேம்ல எங்க டீம் தலைவரு இதே கார்டுலதான் ஆடுறாரு. ஒரு வார்த்தை பேசமாட்டாரு. டைப் பண்ணியே எஸ்டேட் மண்டோர் மாதிரி வேலை வாங்குவாரு. கேம்ல பேரும் மண்டோர்தான். அவரை அடிக்க ஆளில்ல.”

தனேஸ்வரி வெட்கத்துடன் சிரித்தார்.

“ஃபோர்கேயில அது திணறுது தம்பி. நேத்து கேம்ல அந்தப் பாலத்துச் சண்டையில உங்க யாரையும் காப்பாத்த முடியல. அதான் மாத்த வந்தேன்.”

திவாகரன் எட்டு ஜிபி பெட்டியை மெல்ல மேசைக்கு அடியில் தள்ளினான்.

“பதினாறு எடுத்தாரேன், மண்டோர்.”