பக்கத்து இருக்கை

பழைய ருஷ்ய நகரங்களைச் சுற்றிக்காட்டும் பேருந்து அது. சுஸ்தால் நகரில் தைசியா தன் நீலச் சால்வையை இருக்கையில் போட்டுவிட்டு, உப்பில் ஊறிய வெள்ளரி வாங்கப் போனாள். திரும்பி வருவதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. அவர்களுடைய வழிகாட்டி தலை எண்ணுகிறவள் இல்லை. பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்பதோடு சரி. தைசியாவுக்குப் பக்கத்து இருக்கை முப்பது வருடத் தோழி ரிம்மா. தைசியா அவளுக்குப் போன் செய்தாள்.

“ரிம்மா, என்னை விட்டுட்டுப் போறீங்கடி. வழிகாட்டிகிட்ட சொல்லு.”

“அவ கேட்டா. பக்கத்துல ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன்.”

“நான் இங்க கடை வாசல்ல நிக்கிறேன். அங்க யாருடி இருக்கா?”

“மெதுவாப் பேசு. உன் சால்வையைப் போத்திக்கிட்டு இப்பத்தான் கண் அசந்தா.”

“யாருன்னு கேக்குறேன்.”

“நீதான்.” ரிம்மா குரலைத் தாழ்த்தினாள். “ஆனா தொணதொணக்கல. நிம்மதியா இருக்கு.”

பேருந்து சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு தைசியாவைக் கடந்தது. சன்னலோரம் நீலச் சால்வை தெரிந்தது. அதற்குள் சாய்ந்திருந்த முகத்தில் வெயில் படாமல் ரிம்மா எட்டித் திரையை இழுத்துவிட்டாள். வேடிக்கை பார்க்கணும் என்று சொல்லி, மூன்று நாளாகத் தைசியாவை அவள் மூடவிடாத திரை.