இந்த வாரம் இடது தோள்

"மேடம், இந்த வாரம் இடது தோளுக்கு ஏதாவது சொல்லிக்குடுங்க" என்றாள் டீச்சர், கைப்பையைக் கீழே வைக்கும் முன்பே.

பயிற்சியாளர் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். ஜிம்மில் பெண்களுக்கான அந்தக் காலை வகுப்பில் இப்படிக் கேட்டுக் கேட்டுச் செய்பவள் இந்த ஸ்கூல் டீச்சர் ஒருத்திதான். மற்றவர்களுக்கு ட்ரெட்மில்லே கதி. மாற்றிச் செய்யச் சொன்னால், இதுவே பழகிவிட்டது என்பார்கள்.

பழகிவிட்டால் உடம்பு ஏமாற்றத் தொடங்கிவிடும் என்று அவரும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பலன் தெரியாமல் பாதிப் பேர் நின்றுவிட, இந்த மாதத்தோடு வகுப்பை மூடிவிடுவேன் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

இனி டீச்சரை வைத்துத்தான் வகுப்பைக் காப்பாற்றியாக வேண்டும். ஒரு வாரம் தொடை, ஒரு வாரம் முதுகு, அடுத்த வாரம் முன்கை என்று அவளே மாற்றிக் கேட்பாள். மற்றவர்கள் எங்கே இளைக்கும் என்று கேட்டால், இவள் எங்கே வலிக்கும் என்று கேட்பாள்.

"வலிக்கட்டும் டீச்சர். வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார். டீச்சர் முகம் சுளித்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ளயா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். ஆசிரியர் அறையில் யாராவது என்ன வலி என்று விசாரித்தால் ஜிம் என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாளாம். ஊரிலிருந்து அவளைப் பெற்ற அம்மா வந்திருந்தபோதும் அதே பதில்தானாம். உடம்பை ஏன்டி இப்படி வருத்திக்கிறே என்று அம்மா திட்டினாளாம்.

இத்தனைக்கும் தினமும் கொண்டுவந்து விடுவது கணவன்தான். முடியும்வரை கீழேயே பைக்கில் காத்திருப்பான்; சற்றுத் தாமதமானாலும் ஹார்ன் அடிப்பான். கொடுத்துவைத்தவள் என்று மற்ற பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். தன் வீட்டு ஆளை நினைத்துப் பயிற்சியாளர் அம்மாவும் வயிறெரிந்ததுண்டு.

அடுத்த வாரம் அவர் ஒரு முடிவோடு வந்தார். டீச்சரைப் படம் எடுத்து வாசலில் பெரிதாக மாட்டிவிட வேண்டும். 'மாற்றிச் செய்தேன், மாறினேன்' என்று கீழே எழுதிவிட்டால் கூட்டம் தானாக வரும்.

டீச்சர் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தாள். சளி என்றாள்.

"ஒரே ஒரு நிமிஷம் அதைக் கழட்டுங்க டீச்சர். உங்க முகத்தைப் பார்த்துத்தான் நாலு பேர் வந்து சேரணும்."

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். இவர் விடவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்கவே, டீச்சர் அவர் கையைப் பிடித்து உடை மாற்றும் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள்.

கன்னம் கண்ணுக்குக் கீழே வரை கன்றிப்போய் வீங்கியிருந்தது. விரல் தடங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

கீழே ஹார்ன் அடித்தது.

டீச்சர் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, வாராவாரம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"ஸ்கூல்ல கேப்பாங்க மேடம்... கன்னத்துக்கு என்ன பயிற்சின்னு சொல்லட்டும்?"