கண்டிப்பான காமிரா

“காமிராவோட கண்டிப்பைக் கொஞ்சம் குறைச்சு வை, ஹோல்கர்.”

“எவ்வளவு?”

“இப்போ பத்துல இருக்குல்ல? ஒண்ணுக்கு இறக்கிடு.”

ஹோல்கர் காபிக் கோப்பையை டக்கென்று மேஜைமேல் வைத்தான்.

“இல்வா, உனக்கு மனசாட்சியே இல்லையா?”

“இருக்கு. ஆபீஸ்ல பதினோரு பேரும் இருக்காங்க.”

கோத்தன்பர்க்கில் அந்தச் சின்னக் கம்பெனியை இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். ஸ்டியரிங்கைத் தொடாமலே போகிற கார்களுக்கு ஒரு காவல்காரக் காமிரா. கார் தானே ஓடும். ஆனால் உட்கார்ந்திருப்பவர் சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்காவிட்டால் காமிரா கண்டுபிடித்து மணி அடிக்கும். அப்புறமும் திருந்தாவிட்டால் சீட்டை உலுக்கும். அதற்கும் மசியாவிட்டால் காரையே ஓரங்கட்டி நிறுத்திவிடும்.

போன மாதம் பணம் போடலாம் என்று வந்த ஒருவர் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார். “மாமியாரைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு ஓட்டற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்துப் போனவர் போனவர்தான்.

இன்று ஸ்டாக்ஹோமிலிருந்து ஃபோல்கே வருகிறார். நாலு கோடி குரோனர் போடுகிற உத்தேசம். இவரும் கையை விரித்தால் அடுத்த மாதம் கம்பெனி இருக்காது.

“தூங்கறவனை எழுப்பறதுக்குத்தானே இதைச் செஞ்சோம்? அதையே கண்டுக்காம இருக்கச் சொல்றியா?”

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும்.”

“எல்லாத் திருடனும் இப்படித்தான் ஆரம்பிக்கிறான்.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்துவிட்டான் ஹோல்கர். குறைப்பானா, மாட்டானா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவனுக்கு ஒரே முகம்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்தார் ஃபோல்கே. ஆறே கால் அடி உயரம், வாய் நிறையச் சிரிப்பு. வியாழக்கிழமை, ஆகவே கேன்டீனில் வழக்கம்போல மஞ்சள் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். சூப்பை இரண்டு தட்டு வாங்கிக் குடித்தார். பான்கேக்கை ஜாமில் புரட்டிப் புரட்டிக் கணக்கில்லாமல் உள்ளே தள்ளினார்.

“முப்பது வருஷமா ஓட்டறேன். வண்டியில ஒரு கீறல் விழுந்தது கிடையாது. நம்ம கவனம் அப்படி!” என்று பெருமையடித்துக்கொண்டார்.

சோதனைப் பாதையில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் அமர்ந்தார்.

“இது போட்டா உங்க காமிராவுக்கு என் கண்ணு தெரியாதே?”

“நமக்குத்தான் தெரியாது. அதுக்குத் தெரியும்” என்றான் ஹோல்கர், பின்சீட்டில் ஏறிக்கொண்டே. இல்வாவும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கார் தானாகவே எழுபதைத் தொட்டது. ஃபோல்கே இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டார்.

“ஆகா! சொர்க்கம்!”

முதல் சுற்று அமோகம். இரண்டாவது சுற்றில் அவர் பேச்சே இல்லை. மனிதர் ரசித்துக்கொண்டு வருகிறார் என்று இல்வா பூரித்துப்போனாள்.

டிங்! டிங்! டிங்!

இல்வாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹோல்கரின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். “பாவி, குறைக்கலையா நீ?” என்றாள் காதோரமாக.

ஹோல்கர் ஜன்னல் வழியே பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீட் உலுக்கியது. ஃபோல்கேயின் வயிறு குலுங்கியதே தவிர அவர் அசையவில்லை.

“போச்சு, கோபத்துல மனுஷன் வாயே திறக்க மாட்டேங்கறாரு” என்று முனகினாள்.

கார் மெதுவாக ஓரங்கட்டி நின்றது. நாலு விளக்கும் மினுக் மினுக்கென்றது. “தயவுசெய்து ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்” என்றது இனிமையான குரலில்.

இல்வா தலையில் கையை வைத்துக்கொண்டாள். பதினோரு பேரிடமும் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஃபோல்கே விருட்டென்று நிமிர்ந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“பிரமாதம்!”

“என்னது?”

“வேணும்னேதான் கண்ணை மூடிக்கிட்டேன்! நேத்து இன்னொரு கம்பெனி கார்லயும் இதே சோதனைதான் வெச்சேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘அருமையாக ஓட்டுகிறீர்கள்’ன்னு பாராட்டுது! பணம் போட வந்தவன் மனசு கோணக்கூடாதுன்னு எதையோ குறைச்சு வெச்சிருக்காங்க. நீங்க என்னையே நிறுத்திட்டீங்க பாருங்க, அதுதான் நேர்மை! திங்கட்கிழமை வக்கீலை அனுப்பறேன்.”

இல்வா தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நேர்மைதான் எங்க கம்பெனியோட அஸ்திவாரம்” என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்ததும் ஆபீஸே அமர்க்களப்பட்டது. விசேஷத்துக்கு வாங்குகிற பச்சை நிறக் கேக்கை வெட்டினார்கள். மேஜைமேல் ஏறி ஆடினார்கள். ஒருவன் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு மேளம் தட்டினான்.

இல்வா ஹோல்கரைத் தனியே இழுத்துப்போய்க் கட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“என்னை மன்னிச்சுடு. புத்தி கெட்டுப்போய்க் குறைக்கச் சொல்லிட்டேன். நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கலை. உன் நேர்மைதான்டா இன்னிக்கு நம்மளைக் காப்பாத்திச்சு!”

வாய் நிறைய கேக்கோடு நின்ற ஹோல்கருக்குக் காது சிவந்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“கேட்டேன், இல்வா. ஒண்ணுலதான் வெச்சேன். அதுல சும்மா கண்ணை மூடினாக் கண்டுக்காது. ஆளு நிஜமாவே தூங்கினாத்தான் மணி அடிக்கும்.”