கடைசியாக நிற்கிற இடம்

ஸ்கூடாய் நகரிலுள்ள ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் பிரவீனாவுக்கு அர்ச்சுனன்தான் தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவார். சாப்பாட்டு வேளையில் புரோட்டான் பாய்ச்சும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். ஆனாலும் அவர் வாசலில் கால் வைத்ததும், மகள் செய்த சிலிக்கான் உணர்கருவியில் ஒரு புரோட்டான் வந்ததாகத் திரையில் பதிவாகும்.

"இன்னிக்கும் வந்தா, நான் செஞ்சது சரியில்லன்னு தூக்கிப் போட்டுருவாங்கப்பா."

"நம்ம வீட்டுப் புள்ளைய யாரு கொற சொல்றது? வந்து என்னதான் பண்ணுது அது?"

"சிலிக்கானுக்குள்ள போற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ விட்டுட்டுப் போகும். கடைசியா நிக்கிற எடத்துலதான் அள்ளிக் கொடுக்கும்."

அர்ச்சுனன் மீசைக்குள் சிரித்தார். இறந்துபோன மனைவி அங்கம்மாவும் அப்படித்தான். வீட்டுக்குள் பரிமாறியது போதாதென்று, வாசல் கேட்டு வரை வந்து விருந்தாளியின் கை நிறையக் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "போதும் லா, அங்கம்மா. புள்ளைக்குக் கெட்ட பேரு வந்துரும். வா, வீட்டுக்குப் போலாம்."

அன்று திரையில் எதுவும் வரவில்லை.

பிரவீனா சாப்பிட்டுக் கழுவிக் கொடுத்த காலித் தூக்குச்சட்டியை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக் கேட்டில் இறங்கி அதை எடுக்கப்போனபோது ஒரு கையால் தூக்க முடியாதபடி கனத்தது. அர்ச்சுனன் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.