சிவப்பு லெட்டூஸ்

மாடித் தொட்டியில் லெட்டூஸ் இலைகள் செக்கச்செவேலென்று இருந்தன. நேற்றுக் குடிவந்த யுவன் ஒன்றைக் கிள்ளினான்.

“இந்த வீதியில எல்லா மாடியிலயும் இதுதான் வளருது. அத்தன ருசிங்களா?”

துணி காயப்போட்டபடியே வீட்டுக்கார அம்மா இந்துமதி சொன்னார்: “யாரும் சாப்பிடறதில்லீங்க.”

“அப்புறம் எதுக்குங்க இந்தச் சிவப்பு ரகம்?”

இந்துமதி சட்டென்று திரும்பினார்.

“இது பச்சை ரகமுங்க. பத்து வருசமா நானே விதை எடுத்து வெதைக்கறேன். போர் தண்ணியில சாயப்பட்டறைக் கழிவு கலந்தா இலை செவந்துரும். அன்னைக்கு ஒருத்தரும் குழாயைத் திறக்கமாட்டோம்.”

கீழேயிருந்து யுவனின் மனைவி கூப்பிட்டாள்.

“ஏனுங்க, பாப்பாவுக்கு இப்பத்தான் குழாயத் திறந்து தலைக்குத் தண்ணி வாத்தேன். நகமெல்லாம் செவந்திருக்குது. நீங்க மருதாணி வெச்சு உட்டீங்களா?”