நீயா நிக்கக்கூடாது

"முடியாது! நீயா நிக்கக்கூடாது. நான்தான் உன்னை நிறுத்துறேன்!"

மார்லிஸ் போட்ட சத்தத்தில் படகுப் பட்டறையே அதிர்ந்தது. டுலூத் ஊரின் ஏரிக்கரைக்காரர்கள் தங்கள் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கிற ரகம். முதலாளியம்மா இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

தோய்வோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மார்லிஸோடு ஒன்றாகப் படித்தவர். பட்டறை திறந்த நாளிலிருந்து அங்கேதான் வேலை.

"ஒரு ஆளைக் குறைச்சே ஆகணும்னு தெரியும், மார்லிஸ். நானே வேலையை விட்டு நின்னுக்கறேன். துரத்திட்டாங்கங்கிற பேரு எனக்கு வேணாமே."

"பேராம் பேரு! ஒரு ஆளை வெச்சா சம்பளத்தோடவா முடியுது? அதுக்கு மேல வரி, அடிபட்டா ஒரு காப்பீடு, வேலை போனா ஒரு காப்பீடுன்னு இந்த மாநிலத்துல கழுத்தை நெரிக்கிறாங்க. எனக்குக் கட்டுப்படியாகலை. உன்னை நிறுத்தியாச்சு, அவ்வளவுதான்!"

தோய்வோ நீட்டிய ராஜினாமாக் கடிதத்தை மார்லிஸ் பிடுங்கிக் கணப்பு அடுப்பில் போட்டார்.

படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த டார்லாவுக்குப் பொறுக்கவில்லை. அங்கே இருந்த இன்னொரு தொழிலாளி அவள் மட்டும்தான்.

"உங்களுக்கு ஈவு இரக்கமே இல்லையா? அவர் பொண்டாட்டி லெம்பி படுத்த படுக்கையா கிடக்கறாங்க. மனுஷன் மானத்தோட போறேங்கறார், அதுக்குக்கூட விடமாட்டீங்களா?"

"நீ உன் வேலையைப் பாரு!" என்று பாய்ந்த மார்லிஸ், தோய்வோ பக்கம் திரும்பியதும் குரல் உடைந்துபோனார்.

"அடப் பைத்தியக்காரா! நீயா நின்னா அரசாங்கம் உனக்குச் சல்லிக்காசு தராது. நான் நிறுத்தினாத்தான் வேற வேலை கிடைக்கிறவரைக்கும் வாராவாரம் உதவிப் பணம் வரும். லெம்பிக்கு மருந்து வாங்க வேணாமா?"

டார்லா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அட, இந்த மகராசியையா வாய்க்கு வந்தபடி பேசினோம்!

தோய்வோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது எனக்கும் தெரியும், மார்லிஸ். போய் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். நீ நிறுத்தி நான் அந்தப் பணத்தை வாங்கினா, வேலை போறதுக்குன்னு நீ கட்டற காப்பீட்டுக் கட்டணம் ஏறும். உனக்கும் தெரியும்தானே?"

"ஏறினா ஏறட்டும்!"

"எப்படிக் கட்டுவே? அடுத்து இன்னொரு ஆளையும் அனுப்பணும்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "டார்லா கைக்குழந்தைக்காரி. அவ எங்கே போவா?"